முதல் வாய் எப்போதும் அவருக்கு

எங்கள் தேயிலைத் தோட்ட லைனில் எந்த வீட்டில் விசேஷம் நடந்தாலும் சமையல் கொட்டகைக்குள் முதலில் நுழைவது பக்கத்து வீட்டு அக்காதான். சமைக்கப் போவதில்லை. ஒரு கிண்ணத்தில் சோறு, சாம்பார், பிரட்டல், பாயசம் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுவார். சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்திருக்க மாட்டார். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். வெளியே இலை போட்டு ஜனம் காத்திருக்கும். சாம்பார் வாளியோடு நிற்கிறவர்கள் முனகுவார்கள். பெண் வீட்டாரா, மாப்பிள்ளை வீட்டாரா, தோட்டக் கணக்குப் பார்க்கிற கிராணியா, மேனேஜரா, யார் அவசரப்படுத்தினாலும் அவர் காதில் ஏறாது. கடைசியில், "ம், போடுங்கப்பா" என்பார். அப்புறம்தான் முதல் இலைக்குச் சோறு போகும்.

இந்த வேலையை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. தானாக எடுத்துக்கொண்டது. மலை ரோட்டில் போலீஸ் மறித்து லோரிகளைச் சோதிப்பதை நாங்கள் 'செக்கிங்' என்போம். அதையே சேர்த்து 'செக்கிங் அக்கா' என்று லைனில் பேர் வைத்துவிட்டார்கள். அவருக்கும் தெரியும். கோபப்பட்டதில்லை.

நான் ஈப்போவில் பிறந்தவள். கல்யாணமாகி இந்தத் தேயிலை மலைக்கு வந்த புதிதில் எனக்கு அவரைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கும். ஒரே சுவர்தான் எங்கள் இரண்டு வீட்டுக்கும். விடிந்ததும் அந்தப் பக்கம் குழாய்ச் சத்தம் ஆரம்பித்துவிடும். காய் கழுவுகிறார். உப்புத் தண்ணீரில் ஒரு தடவை, மஞ்சள் தண்ணீரில் ஒரு தடவை, வினிகரில் ஒரு தடவை. நான் முதன்முதலாகக் கம்போங் ராஜா டவுனிலிருந்து வாங்கி வந்த முட்டைக்கோசை, "குடு பாப்போம்" என்று கேட்டு வாங்கினார். வெளி இலை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் கைக்குள் அடங்குகிற மாதிரி ஒரு குருத்துதான் எனக்குத் திரும்பி வந்தது.

"என்னக்கா இது? இத வச்சு எப்படிப் பொரியல் பண்றது?"

"கொஞ்சமா சாப்பிடு. ஒண்ணும் ஆயிடாது."

"அப்ப நெறையா சாப்பிட்டா ஆயிடுமா?"

"அதான்லா எனக்குத் தெரியல தங்கச்சி" என்றார், நிஜமாகவே யோசித்துக்கொண்டு.

சிரிப்பு வந்தது. ஆனால் அன்றைக்கு அந்தப் பொரியலை வாயில் வைக்கும் முன் நானும் ஒருமுறை மோந்து பார்த்தேன். அவரிடம் இருந்த கோளாறே அதுதான். நம்மையும் பயமுறுத்திவிடுவார். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டே என் சமையலறைக்குள் வந்துவிடுவார்.

ஒருமுறை கியா பார்ம் பக்கம் அவரோடு போயிருந்தேன். மார்க்கெட்டில் சுற்றுலா வந்த கூட்டம். கோலாலம்பூர்க்காரி போலிருந்த ஒரு பெண், வாங்கிய ஸ்ட்ராபெரி டப்பாவைக் கடை வாசலிலேயே திறந்து இடுப்பில் இருந்த குழந்தையின் வாயில் ஒன்றை வைக்கப் போனாள். என் பக்கத்தில் நின்ற அக்காவைக் காணோம். பார்த்தால் அங்கே போய் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்! அரைகுறை மலாயில், "கழுவு, கழுவு" என்கிறார். அந்தப் பெண் பயந்துபோய்ப் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். கடைக்காரம்மா தராசை விட்டு வந்து கத்தினாள். என் மானமே போய்விட்டது. மன்னிப்புக் கேட்டு இவரை இழுத்துக்கொண்டு வந்தேன். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு, "அந்தக் கொழந்த தின்னுடுச்சா, பாத்தியா?" என்று கேட்டார்.

"பாக்கலக்கா."

"நீ பாத்திருக்கலாம்ல" என்றார்.

இந்த மலையில் காய்கறித் தோட்டம் போடுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெளியே அதிகம் பேச மாட்டார்கள். சந்தைக்குப் போகிற பாத்திகளுக்கெல்லாம் பூச்சி மருந்து அடிப்பார்கள். அடித்தால் அந்த வரிசை முனையில் குச்சி நட்டு ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பையைக் கட்டிவிடுவார்கள். பை தொங்கினால் கை வைக்கக் கூடாது. கடைசியாக ஒரே ஒரு பாத்தி மட்டும் மருந்தே படாமல் தனியாக இருக்கும். அது வீட்டுக்கு. என் வீட்டுக்காரரும் ஒரு கூட்டாளியும் கோலா தெர்லாவில் குத்தகைக்கு எடுத்திருந்த தோட்டத்திலும் ஓடையோரமாக அப்படி ஒரு பாத்தி உண்டு. கத்தரி, குடைமிளகாய், சுக்கினி, மக்காச்சோளம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். பூச்சி பாதி தின்னும், மீதி எங்களுக்கு. அக்கா அந்தப் பாத்தியை மட்டும்தான் நம்பினார். நம்பினார் என்றால், அதையும் மூன்று தண்ணீரில் கழுவுவார், அதையும் தான்தான் முதலில் சாப்பிடுவார்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். தேயிலைக்கு நடுவே புல்லுக்கு மருந்து அடிக்கிற பம்பை முதுகில் சுமந்த கூட்டத்தில் கல்யாணமான புதிதில் அவர் இருந்திருக்கிறார். பம்பு கசிந்து முதுகெல்லாம் நனையும், ரவிக்கையோடு காய்ந்துவிடும் என்றார். மகள் ஷாமினிக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன.

"மருந்தாலதானாக்கா?"

"டாக்டர் இல்லன்னாரு. சில பேருக்கு அப்படி ஆவும்னாரு." கையிலிருந்த தக்காளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருக்கலாம். ஆனா எது உள்ள போச்சு, எப்பப் போச்சுன்னே எனக்குத் தெரியலயே. இப்பவாச்சும் தெரிஞ்சு போவட்டும்னு நாமளே மொதல்ல சாப்பிடுறது."

அதற்குப் பிறகு நான் அவரைக் கேலி செய்யவில்லை. எரிச்சல் மட்டும் நிற்கவில்லை, அது வேறு விஷயம்.

அதிகம் பட்டது ஷாமினிதான். ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் சிநேகிதி கொடுத்த ஜாம்பு என்கிற கொய்யாக்காயைக் கடித்துவிட்டாள் என்று தெரிந்து அக்கா ஹெட்மாஸ்டர் அறைவரை போயிருக்கிறார். கேன்டீன் அம்மாவிடம் சண்டை. பிறந்தநாள் கேக்கில்கூட முதல் துண்டு அம்மாவுக்கு. மெழுகுவத்தி ஊதிவிட்டு அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவளுடைய அப்பா பேசாத மனிதர். தட்டை முன்னால் வைத்துக்கொண்டு மனைவி தலையாட்டும்வரை உட்கார்ந்திருக்கப் பழகிவிட்டார். ஷாமினி பழகவில்லை. படிப்பு முடிந்ததும் கோலாலம்பூரில் வேலை தேடிக்கொண்டு போனாள். அங்கேயே கல்யாணம். தீபாவளிக்கு வந்தால் மறுநாளே கிளம்பிவிடுவாள்.

அவள் கர்ப்பமானாள். அவளுக்கும் முன்பு ஒன்று தங்காமல் போயிருந்தது. அதை அக்கா வாய்விட்டுச் சொல்லவே மாட்டார். வளைகாப்பு முடிந்ததும், முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் என்று முறைப்படி அழைத்து வந்தார். வந்த வாரமே சுவர் வழியாகச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. பழம் கேட்டால் வேகவைத்துத் தருகிறார். பால் கொடுத்தால் முதல் மடக்கு இவர் குடிக்கிறார். மகள் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வயிறு அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு மத்தியானம் ஷாமினி மூச்சு வாங்க என் வீட்டுக்கு வந்தாள். ஒரு ஆப்பிளைக் கேட்டு வாங்கி, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு தின்றாள்.

"ஆன்ட்டி, என்னால முடியல. அம்மா என்னப் பாக்குற பார்வையிலயே எனக்கு வயிறு இழுக்குது. ஞாயித்துக்கிழமை அவர் வராரு. நான் கே.எல். போயிடுறேன்."

"ஒத்தயில அங்க ஒன்ன யாரும்மா பாத்துக்குவாங்க? ஒனக்கு பிரஷர் வேற இருக்குன்னு சொன்னாங்களே. மாப்பிள்ளைக்கும் ஷிப்ட் வேலை."

"தெரியும். ஆனா இங்க இருந்தா அது ஏறுது ஆன்ட்டி, எறங்கல."

அக்கா பின்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஆப்பிளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத்தான் தெரியும்.

ஷாமினி அவரைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள். "அம்மா, நான் இருக்கணும்னா ஒரே ஒண்ணு பண்ணு. நாளைக்கு நான் கேக்குறத செஞ்சு, நீ வாயில வைக்காம மொதல்ல எனக்குக் குடு. காத்திருக்கச் சொல்லாத. ஒரே ஒரு வேளை. ஒன்னால முடிஞ்சா நான் பிரசவம் வரைக்கும் இங்கயே இருக்கேன். முடியலன்னா என்ன விட்டுடு."

அக்கா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, "என்ன வேணும், சொல்லு" என்றார்.

அவள் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். சம்மர் சாலட்டாம். கோலாலம்பூரில் அவள் ஆபீசுக்குக் கீழே உள்ள கடையில் தினமும் சாப்பிடுவாளாம். கரியில் சுட்ட காய்கறியும் வேகவைத்த சிவப்பு பீன்ஸும் கலந்தது. எங்கள் மலையில் ஏது கோடை? நாலு நாள் மழை நின்றால் அதுதான் எங்களுக்குக் கோடை. அதைச் சொல்லிச் சிரித்தேன். அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் தோட்டத்துக்குக் கிளம்பும்போது அக்காவும் வண்டியில் ஏறிக்கொண்டார். அவரை இறக்கிவிட்டுவிட்டு என் வீட்டுக்காரர் உரம் வாங்கக் கம்போங் ராஜா போய்விட்டார். அக்கா ஓடையோரப் பாத்தியில் தானே பறித்துக்கொண்டு காய்கறி லோரி ஒன்றில் ஏறித் திரும்பி வந்தார். கழுவினார். அன்று எத்தனை தண்ணீர் என்று கேட்காதீர்கள். முந்தின நாளே ஊறவைத்த பீன்ஸ் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. இந்தக் குளிரில் அது லேசில் வேகாது. ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பார்ப்பார், வாய்க்குக் கொண்டு போவார், சட்டென்று நிறுத்திக் கீழே வைப்பார். எனக்குப் பாவமாக இருந்தது.

பின்கட்டில் குச்சியில் கோத்த சாத்தே இறைச்சி சுடுகிற நீள அடுப்பை வைத்துக் கரி மூட்டினோம். நான் விசிறினேன். கத்தரிக்காயை நீளமாக வகுந்து உப்புத் தடவி வைத்தார். சுக்கினியைத் தடிமனாக அரிந்தார், மெல்லிசாக இருந்தால் கம்பியில் ஒட்டிக்கொள்ளும். குடைமிளகாயை முழுசாகவே தணலில் போட்டு, தோல் கருகியதும் ஒரு சட்டியில் மூடிவைத்து, புழுங்கின பிறகு தோலை உரித்தார். சோளத்தைச் சுட்டு முத்துகளைக் கத்தியால் வழித்தார். எல்லாவற்றையும் பீன்ஸோடு ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு, கஸ்தூரி எலுமிச்சை பிழிந்து, ஷாமினி கொண்டுவந்த ஆலிவ் எண்ணெய், மிளகுத்தூள், புதினா சேர்த்துப் புரட்டினார். சூட்டோடு புரட்டினால்தான் புளிப்பு உள்ளே இறங்கும் என்று போனில் போட்டிருந்ததாம். வாசனை என்னவோ பிரமாதம்! எனக்கே நாக்கு ஊறியது. அக்காவின் உதடு மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தது.

"உப்பு சரியா இருக்கான்னு நீ பாரேன்" என்று என்னிடம் ஜாடை காட்டினார்.

"அதுவும் செக்கிங்தான்க்கா. சும்மா இருங்க."

உள்ளே மேசையில் ஷாமினி தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பை பாதி அடுக்கியபடி கட்டிலில் திறந்து கிடந்தது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருந்தாள்.

அப்போது என் போன் அடித்தது. என் வீட்டுக்காரர். அப்போதுதான் தோட்டத்துக்குத் திரும்பியிருக்கிறார்.

"ஏய், அக்கா எந்தப் பாத்தியில பறிச்சாங்க?"

"வேற எதுல? நம்ம பாத்திதான்."

"ஐயோ. புதுசா வந்த ஆளு நேத்து சாயங்காலம் மருந்து அடிச்சானில்ல, கடைசிப் பாத்திக்கும் சேத்து அடிச்சிருக்கான். அவனுக்குத் தெரியாது. நாங்களும் அவன்கிட்ட சொல்லல. அங்க என்னைக்கு நாம குச்சி நட்டிருக்கோம்? அதனால பையும் கட்டாம விட்டுட்டான்." பக்கத்தில் யாரிடமோ ஏதோ கேட்டுவிட்டு வந்தார். "ராத்திரி மழை பெஞ்சிருக்கு. நல்லா கழுவியிருந்தா ஒண்ணும் ஆவாது. இருந்தாலும் சொல்லிடு."

பிளாஸ்டிக் கூரை போட்ட பாத்தியில் மழை எங்கே இறங்கும்? அக்கா என் முகத்தைப் பார்த்தே பக்கத்தில் வந்துவிட்டார். காதோடு சொன்னேன்.

கத்துவார் என்றுதான் நினைத்தேன். கத்தவில்லை. பாத்திரத்தைப் பார்த்தார். கதவுக்கு அப்பால் மகளைப் பார்த்தார். அவள் போனில் எதையோ பார்த்துக்கொண்டு முள்கரண்டியால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்லிடுறேன்க்கா. போன் எனக்குத்தான வந்துச்சு" என்று கிசுகிசுத்தேன்.

"நீ சொன்னாலும் நான் சொல்லச் சொன்னேன்னுதான் நெனப்பா. ஒன் வீட்டுக்காரரு வந்து சத்தியம் பண்ணாலும் நம்ப மாட்டா." அவர் சொன்னது சரிதான். இத்தனை வருஷம் எதற்கெல்லாமோ பதறியவர் இன்றைக்கு இந்த நிமிஷத்தில் பதறினால் யார் நம்புவார்கள்? நானே போனைக் கேட்டிருக்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

"அப்ப என்னதான் பண்றது?"

"அம்மா, ஆச்சா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "சாப்பிட்டுப் பாத்துக்கிட்டு நிக்கிறியா?"

"இல்லம்மா, தோ வரேன்" என்றார் அக்கா. அவ்வளவு சாதாரணமான குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. பாத்திரத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு நடந்தார். கொடுத்துவிடுவாரோ? மகள் போகக் கூடாது என்பதற்காகக் கொடுத்தேவிடுவாரோ? நான் பின்னாலேயே ஓடினேன். ஷாமினி நிமிர்ந்து அம்மாவின் வாயைப் பார்த்தாள். மென்றிருக்கிறாரா என்று பார்த்தாள். இல்லை என்று தெரிந்ததும் முகம் மலர்ந்து கையை நீட்டினாள்.

மேசைக்கு ஒரு எட்டு முன்னால் பாத்திரம் அக்காவின் கையை விட்டு விழுந்தது.

சிமெண்ட் தரையில் கண்ணாடி சிதறியது. பீன்ஸ் கட்டிலுக்கு அடியிலெல்லாம் ஓடியது. குடைமிளகாய்த் துண்டு ஒன்று தெறித்து மேசை மேலேயே விழுந்தது. ஷாமினி அதை எடுத்து வாய்க்குக் கொண்டு போனாள். அக்கா ஓடவில்லை, பாயவில்லை. கிட்டே போய் அவள் விரலிலிருந்து அதை மெதுவாக வாங்கி, "கண்ணாடித் தூள் இருக்கும்மா" என்று குப்பை முறத்தில் போட்டார்.

"கை வழுக்கிடுச்சு. எண்ணெ கூடிப்போச்சு போல" என்றார். சிரிக்கவும் செய்தார். "போனாப் போவுது. ரொட்டி இருக்கு, சாப்பிடு. இன்னொரு நாளைக்குப் பண்ணிக்கலாம்."

ஷாமினி வாயைப் பொத்திக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். நான் விளக்குமாற்றை எடுத்து வந்தேன். அக்கா குனிந்து கண்ணாடியைப் பொறுக்க ஆரம்பித்தார். நான் பக்கத்தில் குனிந்தபோது என் கையைப் பிடித்தார். ஐஸாகச் சில்லிட்டிருந்தது. விடவே இல்லை.

அந்தப் பாத்திக் காயை அடுத்த வாரம் நாங்கள் சாப்பிட்டோம். ஒன்றும் ஆகவில்லை. அக்காவிடம் சொன்னேன். "ஒனக்கு ஆவல" என்றார், அவ்வளவுதான். தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் ஷாமினி பிரசவித்தாள். பெண் குழந்தை, நல்ல திடம். பிறகு அவர்களோடு அக்காவும் அவர் வீட்டுக்காரரும் கோலாலம்பூர் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டில் இப்போது வேறு குடும்பம். குழாய்ச் சத்தம் விடிந்து வெகு நேரம் கழித்துத்தான் கேட்கிறது.

எனக்கு மறக்காமல் இருப்பது அன்று சாயங்காலம்தான். ஷாமினி பையில் இருந்த துணியையெல்லாம் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று கணவருக்குச் சொல்லிவிட்டு, பின்கட்டுக்கு வந்தாள். நானும் அக்காவும் சாத்தே அடுப்பின் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தோம்.

"ஆன்ட்டி, பாத்தீங்களா? ருசிகூடப் பாக்காம எடுத்துட்டு வந்தாங்க. வீடு பூரா கண்ணாடி, அதுக்கும் பதறல." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "என் அம்மா மாறிட்டாங்கல்ல?"

அக்கா சாம்பல் வாளியோடு நின்று என்னைப் பார்த்தார்.

"ஆமாம்மா" என்றேன். "ரொம்ப மாறிட்டாங்க."